நாலாம் நம்பர் ஃபோட்டோ

என் மகளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க, ஆனா என் பேர் போடக்கூடாது" என்றாள். போடவில்லை. இதில் யாருடைய பேரும் வராது.

பிள்ளைகளே, நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. பத்தாவது முடித்து ஐடிஐயில் இரண்டு வருஷம். அப்புறம் ஆரணிப் பக்கத்திலிருந்து ரயிலேறி ஹைதராபாத் வந்து பாலாநகரில் ஒரு ஃபேக்டரியில் சேர்ந்தேன். தெருவோரத்தில் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் இரும்புப் பெட்டி நிற்கும், பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரிப் பெட்டிகள் செய்கிற இடம். பெயின்ட் அடித்து வரும் பெட்டியில் நிறம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பத்தொன்பது வருஷமாக அதைத்தான் பார்க்கிறேன். உங்களுக்குச் சாம்பல் என்பது ஒரே நிறம். எனக்கு அதில் முப்பது இருக்கிறது.

இப்படி நிறம் பார்த்தே சம்பளம் வாங்குகிற ஆள், தன் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறத்தில் செய்த தப்பைத்தான் சொல்ல வந்தேன். நாலு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் மறக்கவில்லை.

அப்போது என் மகள் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருப்பது திருமுல்கேரியில். பள்ளிக்கூட அடையாள அட்டைக்குப் படம் வேண்டும் என்று பஸ் ஸ்டாப் பக்கத்து ஃபோட்டோ கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் படம் எடுத்தார், கம்ப்யூட்டரில் இரண்டு தட்டுத் தட்டினார், பிரின்ட் எடுத்துக் கொடுத்தார். நான் பார்க்கக்கூட இல்லை, கவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் பால்கோவா நிறத்தில் ஒரு பெண். மூக்கும் கண்ணும் மட்டும் எங்கள் பெண்ணுடையது.

என் மகள் என் நிறம். நான் நல்ல கறுப்பு. அவள் அம்மா மாநிறம்.

அட்டை கழுத்தில் ஏறிய அன்றே வகுப்பில் ஆரம்பித்துவிட்டார்களாம். "யே கோன் ஹை, தேரி பெஹன்?" இது யாரு, உன் அக்காவா என்று ஒருத்தி. "தூ நக்கோ ஆ, ஃபோட்டோ கோ பேஜ்" என்று இன்னொருத்தி. நீ வர வேண்டாம், ஃபோட்டோவை ஸ்கூலுக்கு அனுப்பு என்று அர்த்தம். இதை என் மகள் எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அடுத்த நாளிலிருந்து அந்த அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் போனாள், விலாசம் எழுதியிருக்கிற பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. வருஷம் முழுக்க அப்படித்தான்.

சில மாதம் கழித்து டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். சார்ட் பேப்பரில் குடும்பத்தைப் பற்றி எழுதி, ஆளுக்கு ஒரு ஃபோட்டோ ஒட்டிக்கொண்டு வர வேண்டும். பெற்றோர் வருகிற சனிக்கிழமை அன்று வராந்தாவில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். என்னுடையதும் அவள் அம்மாவுடையதும் பழைய ஆல்பத்தில் இருந்தன. அவளுடையதுதான் இல்லை.

"கடைக்கு நக்கோ அப்பா. வீட்டிலேயே போடுங்க" என்றாள். "என் கலர்லயே வரணும். உங்களுக்குத்தான் கலர் தெரியுமே."

அந்தக் கடைசி வரியைக் கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிரின்டர் வீட்டில் இருந்தது. கொண்டாப்பூரில் ஐடி கம்பெனியில் இருக்கிற என் மச்சினன் புதுசு வாங்கிக்கொண்டு பழையதை எங்களுக்குக் கொடுத்திருந்தான். நாலு நிற மையைப் பாட்டிலிலிருந்து ஊற்றுகிற வகை. ஆறு மாதமாக அதன் மேல் இஸ்திரித் துணியைத்தான் அடுக்கி வைத்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். மஞ்சள் குர்த்தா போட்டிருந்தாள். அரைக்கை. "அப்பா, ப்யூட்டி மோட் ஆஃப் பண்ணீங்களா?" என்று மூன்று தடவை கேட்டாள். கடைசியில் ஃபோனை வாங்கி அவளே பார்த்துக்கொண்டாள். எடுத்த படத்தில் இடது கை ஓரமாக வெட்டுப்பட்டிருந்தது. "பரவால்ல, முகம் நல்லா இருக்கு" என்றாள்.

சாப்பிட்ட பிறகு பிரின்டரை மேசைக்குக் கொண்டுவந்தேன். வெயில் அடிக்கிறது என்று என் மனைவி ஜன்னல் திரையை இழுத்துவிட்டு டியூப் லைட்டைப் போட்டிருந்தாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படம் பச்சையாக வந்தது. குறுக்கே கோடு கோடாக.

"அப்பா, தவளை!" என்று என் மகள் மேசையைத் தட்டிச் சிரித்தாள். "தவளைக்கு யாரோ குர்த்தா மாட்டிவிட்டுட்டாங்க!"

மச்சினனுக்கு ஃபோன் போட்டேன். "சும்மாவே கிடந்துச்சு இல்ல மாமா, சிவப்பு மை காஞ்சு அடைச்சிருக்கும். க்ளீனிங் போடுங்க, ரெண்டு தடவை" என்றான். போட்டேன். மெஷின் வயிற்று வலிக்காரன் மாதிரி முனகிவிட்டு இரண்டாவது படத்தைத் தள்ளியது. பச்சை போயிருந்தது. ஆனால் சேறு அப்பிய மாதிரி, கண் எது புருவம் எது என்று தெரியாமல் இருந்தது. மறுபடியும் ஃபோன். நான் வைத்திருந்தது வழவழப்பான ஃபோட்டோ பேப்பர். மெஷினுக்கு அது தெரியாது. சாதாரணத் தாள் என்று நினைத்து மையை ஊற்றியிருக்கிறது. எந்தத் தாள் என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். மூன்றாவதற்குத் தாளையே நான் தலைகீழாக வைத்துவிட்டேன். வழவழப்பில்லாத பக்கத்தில் மை விழுந்து, தொட்டால் விரலில் ஒட்டியது.

இதற்குள் என் மகளுக்குப் பொறுமை போய்விட்டது. கீழ் வீட்டுத் தோழியிடம் சார்ட்டுக்கு பார்டர் வரையப் போகிறேன் என்று ஓடிவிட்டாள்.

ஒரு பழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் ஃபேக்டரியில் சோதனைக்கு வருகிற ஒவ்வொரு தகட்டுக்கும் ஆர் என்ற எழுத்தோடு ஒரு நம்பர் உண்டு. பார்த்து முடித்ததும் சிவப்பு மெழுகுப் பென்சிலால் முதுகில் எழுதிவிட வேண்டும். நம்பர், குறை என்ன, ரிஜெக்டா ஓகேயா, கையெழுத்து. இங்கிலீஷில்தான் எழுத வேண்டும், தணிக்கைக்கு வருகிறவர்கள் படிப்பதற்காக. அந்தப் பென்சில் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமையிலும். அன்றைக்கும் கை தானாக எழுதிக்கொண்டே போனது. ஆர் ஒன்று, க்ரீன், ரிஜெக்ட். ஆர் இரண்டு, ரிஜெக்ட். ஆர் மூன்று, ராங் சைட், ரிஜெக்ட். தமிழில் எழுதியிருந்தால் என் மகளுக்குப் படிக்கத் தெரிந்திருக்காது.

நாலாவது படம் நன்றாக வந்தது. கோடு இல்லை, சேறு இல்லை. முடி தனித்தனியாகத் தெரிந்தது. நான் அதைக் கையில் எடுத்து ஃபோனில் இருந்த படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாடி வெயிலில் பார்ப்பதற்காக ஃபோன் வெளிச்சத்தை முழுசாக ஏற்றியிருந்தேன், அதை நான் இறக்கவே இல்லை. அதற்குள்ளிருந்தே விளக்கு எரிகிறது. தாளுக்குள் என்ன விளக்கு இருக்கும்? அதோடு வைத்துப் பார்த்தால் எந்தத் தாளும் இருட்டாகத்தான் தெரியும்.

இது இப்போது தெரிகிறது. அப்போது திருப்பிப் போட்டு எழுதினேன். ஆர் நாலு, டார்க், ரிஜெக்ட்.

என் மனைவி கை துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு?"

"கொஞ்சம் மங்கலா இருக்கு. இரு, சரி பண்றேன்."

"அவ அப்படித்தானேங்க இருக்கா?"

எனக்குக் காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

ஃபோனில் வெளிச்சத்தைக் கூட்டுகிற ஒரு கோடு இருக்கிறது, விரலால் தள்ளலாம். கொஞ்சம் தள்ளி ஐந்தாவது போட்டேன். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றியது. ஆறாவது. இரண்டின் முதுகிலும் அதே வார்த்தை, டார்க். ஏழாவது வந்தபோது மனசு லேசாகிவிட்டது. பளிச்சென்று இருந்தாள். ஓகே என்று எழுதி, வட்டம் போட்டு, கையெழுத்தும் போட்டேன்.

அவள் மாதிரி இருந்ததால் எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. அழகாக இருந்ததால் வந்தது. இரண்டும் ஒன்று என்று அந்த நேரத்தில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். குர்த்தா ஒன்றே போதும், எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மஞ்சள் கிழங்கு நிறத்துத் துணி எலுமிச்சைத் தோல் மாதிரி வெளுத்துப் போயிருந்தது. முகத்தைத் தவிர எதையும் நான் பார்க்கவில்லை.

ஏன் அப்படி என்று எனக்கே பிறகு யோசனை வந்தது. என் கல்யாணத்துக்குப் பெண் வீட்டுக்கு அனுப்பிய ஃபோட்டோவில் ஆரணி ஸ்டுடியோக்காரர் என்னை வெளுத்து வைத்திருந்தார். அவர்கள் நேரில் வந்தபோது என் மனைவியின் அத்தை என்னைப் பார்த்தார், கையிலிருந்த படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "ஃபோட்டோல வேற மாதிரி இருந்தாரே" என்றார். எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள், கொஞ்ச நேரம் யார் டம்ளரும் அசையவில்லை. பிற்பாடு நானும் என் மனைவியும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். சிரித்ததால் அது போய்விட்டது என்று நினைத்திருந்தேன்.

ஏழு படங்களையும் காய்வதற்காக மேசையில் பரப்பிவிட்டுப் பால் வாங்கப் போனேன். பத்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தபோது என் மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஏழையும் கவிழ்த்து, நம்பர் வரிசையில் முன்னால் அடுக்கி வைத்திருந்தாள். சிவப்பு எழுத்து வரிசையாகத் தெரிந்தது.

"அப்பா, ஆர் ஃபோர் ஏன் ரிஜெக்ட்?"

"கலர் சரியா வரலை பாப்பா."

"எங்க சரியா வரலை?"

"கொஞ்சம் டார்க்கா..."

"நான் டார்க்தானே?"

உள்ளேயிருந்து என் மனைவி "பால் கிடைச்சுதா?" என்றாள்.

மகளிடம் நான் ஏதேதோ சொன்னேன். மை, தாள், ஃபோன் வெளிச்சம், மெஷின் பழசு. அவள் எல்லாவற்றுக்கும் "ஹவ்" என்றாள். ஆமாம் என்பதற்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள். என் மகள் தமிழில் கோபப்பட மாட்டாள். கோபம் வந்தால் பள்ளிக்கூடப் பேச்சுக்குப் போய்விடுவாள். நான் நிறுத்தும்வரை ஹவ், ஹவ் என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஏழாவதைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்குக் கடைக்கே போயிருக்கலாமே" என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால் தூக்கிக்கொண்டிருப்பேன். எனக்குக் கையில் பால் பாக்கெட்டோடு எங்கே நிற்பது என்றே தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "ஃபேக்டரில எப்படிப் பார்ப்பீங்க?" என்றாள். அவளுக்குத் தெரியும். ஒரு தசரா பூஜைக்குக் குடும்பத்தோடு எல்லோரையும் உள்ளே விட்டபோது நானே அவளுக்குக் காட்டியிருக்கிறேன். பெருமையாக.

"வாசலுக்கு எடுத்துட்டுப் போய்..."

"ஏன் வாசலுக்கு?"

"பகல் வெளிச்சத்துலதான் நிறம் தெரியும். டியூப் லைட்ல பார்க்கக்கூடாது."

"அப்புறம்?"

"ஷேடு கார்டை ஒட்டி வெச்சுப் பார்க்கணும். இந்த நிறம்தான் வேணும்னு ஆர்டர் கொடுத்தவங்க அனுப்புற அட்டை. தகட்டு மேல வெச்சா ஓரம் தெரியக்கூடாது. ஓரம் மறைஞ்சா ஓகே."

"இன்னிக்கு எந்தக் கார்டை வெச்சுப் பார்த்தீங்க?"

பத்தொன்பது வருஷத்தில் எந்தத் தணிக்கைக்காரரும் என்னை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் ஒரு கார்டை வைத்துத்தான் பார்த்திருக்கிறேன். அது ஃபோன் இல்லை. விளம்பரப் பலகைகளிலும், பெண் பார்க்கிற ஃபோட்டோக்களிலும், காபி டம்ளர் அசையாமல் நின்ற அந்த அறையிலும் எனக்கு யாரோ கொடுத்த கார்டு. எவ்வளவு நாளாக அதைப் பையில் வைத்திருந்தேனோ. அவளிடம் "தப்பு பண்ணிட்டேன் பாப்பா" என்று மட்டும் சொன்னேன்.

"மாடிக்கு வாங்க" என்றாள்.

வெயில் இறங்கி, வெளிச்சம் மட்டும் இருந்த நேரம். துணிக் கொடிக்குக் கீழே நின்றாள். படத்தில் அவள் இடது கை ஓரமாக வெட்டுப்பட்டிருந்தது என்றேனே, அந்த ஓரத்தை நிஜமான இடது கைமேல் ஒட்டி வைத்தாள். முதலில் ஏழு.

"ஓரம் தெரியுதா?"

"தெரியுது."

நன்றாகவே தெரிந்தது. வேறு யாரோ அவள் கையைப் பிடித்திருக்கிற மாதிரி இருந்தது. ஆறு வைத்தாள், தெரிந்தது. ஐந்திலும் தெரிந்தது. பிறகு நாலாவதை வைத்தாள்.

"இப்ப?"

நான் குனிந்து பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன். படத்தில் இருந்த கை எங்கே முடிகிறது, என் மகளின் கை எங்கே ஆரம்பிக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

"தெரியலை" என்றேன்.

"ஓகேவா?"

"ஓகே."

கீழே வந்ததும், "இன்னொண்ணு போடறேன், முதுகுல எதுவும் எழுதாம, சுத்தமா" என்றேன். தாளும் இருந்தது, மையும் இருந்தது. "வேணாம். இதுவே" என்றாள்.

அப்படியானால் முதுகில் இருப்பதையாவது சரிசெய்ய வேண்டும். அழிக்கக்கூடாது என்பது எங்கள் விதி. எழுதியது தப்பென்றால் மேலே ஒரு கோடு மட்டும் போட்டு, பழையது படிக்கத் தெரிகிற மாதிரி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டார்க், ரிஜெக்ட் இரண்டின் மேலும் கோடு போட்டேன். ஓகே என்று எழுதினேன். கையெழுத்துப் போடப் போனபோது அவள் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"செக் பண்ணது யாரு?"

அவளே போட்டாள். ஆறாவது படிக்கிற பிள்ளையின் கையெழுத்து, பேரை அப்படியே முழுசாக எழுதுவது. பிறகு பசை தடவி, சார்ட்டில் எனக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எழுத்தெல்லாம் உள்ளே போய்விட்டது.

அந்த வாரம் அவள் என்னிடம் அதிகம் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், சாப்பிட்டாள், ஹோம்வொர்க் செய்தாள். என் மனைவியிடம், "அவளுக்கு இன்னும் மனசு ஆறலையா?" என்று கேட்டேன். "உங்களுக்கு ஆறிடுச்சா?" என்று திருப்பிக் கேட்டாள்.

சனிக்கிழமை நான் மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வராந்தா முழுக்க சார்ட். எங்களுடையதின் முன்னால் மகளும் இரண்டு மூன்று தோழிகளும் நின்றிருந்தார்கள். ஃபோட்டோவைப் பள்ளிக்கு அனுப்பு என்று கேலி செய்தாளே, அந்தப் பெண்ணும் இருந்தாள். படத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப் தூஇச் திக்ரீ" என்றாள். இப்போதுதான் நீயே தெரிகிறாய் என்று. என் மகள் சிரித்தாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன். அந்தத் தாளுக்கும் சார்ட்டுக்கும் நடுவில் என் எழுத்தில் என்ன இருக்கிறது என்று அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

திரும்பி வரும்போது ஆட்டோ. பாதி வழி வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சிக்னலில் நின்றபோது முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"அப்பா, ஏழாவது ஃபோட்டோல இருந்த பொண்ணு உங்களுக்குப் பிடிச்சுதா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். எந்த அப்பனும் அதைத்தான் சொல்வான். ஆனால் அந்தப் படத்தில் நான் போட்ட வட்டத்தையும் கையெழுத்தையும் அவள் பார்த்திருக்கிறாளே.

"அப்பப் பிடிச்சுது" என்றேன். "அது நீ இல்லைன்னு எனக்கு அப்பத் தெரியலை. தெரிஞ்சிருக்கணும்."

பச்சை சிக்னல் விழுந்தது. ஆட்டோ கிளம்பியது. கொஞ்ச தூரம் போன பிறகு அவள், முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த என் கைக்குப் பக்கத்தில் தன் கையைக் கொண்டுவந்து வைத்தாள். ஒட்டி வைத்தாள். குனிந்து, அன்று மாடியில் நான் பார்த்த மாதிரியே, ஓரத்தைப் பார்த்தாள்.

"நீங்க என்னைவிட ரெண்டு ஷேடு டார்க், அப்பா" என்றாள். "ரிஜெக்ட்."

நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவள் கையை எடுக்கவில்லை, வீடு வரும்வரை. நானும் என் கையை அசைக்கவில்லை.